உறிஞ்சுமுறைக் குளிர்விப்பான் நிறுவலில் வெப்பக்காப்பும் அதிர்வுக்காப்பும்

உறிஞ்சுமுறைக் குளிர்விப்பான் என்பது, மின்னோடியால் சுழலும் அமுக்கியைப் பயன்படுத்தாமல், வெப்பத்தைக் கொண்டே நீரைக் குளிர்விக்கும் பெரிய இயந்திரம் ஆகும். தொழில் வழக்கில் இது அப்சார்ப்சன் சில்லர் எனப்படுகின்றது. மருத்துவமனைகள், பெரிய விடுதிகள், வானூர்தி நிலையங்கள், ஆலைகள் போன்றவற்றில், வீணாகும் நீராவி, வெந்நீர், புகைவெப்பம் அல்லது எரிவளிமம் கிடைக்கும் இடங்களில் இவ்வியந்திரங்கள் நிறுவப்படுகின்றன. இவற்றை நிறுவும்போது, இயந்திரத்தின் குளிர்ந்த பகுதிகளையும் சூடான பகுதிகளையும் போர்த்துதல் வெப்பக்காப்பு எனவும், இயந்திரத்தின் அதிர்வு கட்டடத்துக்கும் சூழலின் அதிர்வு இயந்திரத்துக்கும் செல்லாமல் தடுத்தல் அதிர்வுக்காப்பு எனவும் வழங்கப்படும்.

இவ்விரு வேலைகளும் அமுக்கிவகைக் குளிர்விப்பான்களுக்கும் உரியனவே. எனினும் உறிஞ்சுமுறை இயந்திரம் அடிப்படையில் ஒரு வெற்றிடக் கலம் ஆகும். அதனுள் நீர்மங்கள் பெரும்பாலும் புவியீர்ப்பினால் வழிந்து பரவுகின்றன. இந்த இரண்டு இயல்புகளிலிருந்து இரண்டு விதிகள் பிறக்கின்றன. முதலாவது, கசிவின்மை உறுதியாகும் முன் எப்பகுதியையும் போர்த்தக்கூடாது. இரண்டாவது, கிடைமட்டத்தைக் கெடுக்கக்கூடிய மென்மையான தாங்கியின்மேல் இயந்திரத்தை நிறுத்தக்கூடாது. அமுக்கிவகையில் பழகியவர்கள் அதே முறைகளை இங்கும் கையாளும்போது பெரும்பாலான தவறுகள் ஏற்படுகின்றன.

இயங்கும் விதம்

பெரிய கட்டடங்களில் பயன்படும் இயந்திரங்களில் நீரே குளிர்பதனப் பொருளாகவும், லித்தியம் புரோமைடு என்னும் உப்பின் கரைசல் உறிஞ்சுபொருளாகவும் உள்ளன. இயந்திரத்தில் நான்கு முதன்மைக் கலங்கள் உள்ளன.

* ஆவியாக்கி: இங்கு அழுத்தம் ஏறத்தாழ 0.87 கிலோபாசுக்கல் ஆகும். இது வளிமண்டல அழுத்தத்தின் நூறில் ஒரு பங்கிலும் குறைவு. இவ்வழுத்தத்தில் நீர் 5 பாகை செல்சியசிலேயே (5° செ) கொதிக்கும். குழாய்களின்மேல் தெளிக்கப்படும் நீர் கொதித்து ஆவியாகும்போது, குழாய்களின் உள்ளே ஓடும் குளிர்நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கின்றது. குளிர்நீர் பொதுவாக 12° செ வெப்பநிலையில் நுழைந்து 7° செ வெப்பநிலையில் வெளியேறும்.
* உறிஞ்சி: செறிவான உப்புக்கரைசல் மேலிருந்து தெளிக்கப்பட்டு, ஆவியாக்கியிலிருந்து வரும் நீராவியை உறிஞ்சிக்கொள்கின்றது. இதனால் ஆவியாக்கியில் தாழ்ந்த அழுத்தம் நிலைத்திருக்கின்றது.
* கொதிகலம்: நீர்த்துப்போன கரைசல் இங்குச் சூடாக்கப்பட்டு நீர் பிரிக்கப்படுகின்றது. தொழிலில் இதனை ஜெனரேட்டர் என்பர். மின்னாக்கிக்கும் இதற்கும் தொடர்பில்லை.
* ஒடுக்கி: கொதிகலத்தில் பிரிந்த நீராவி இங்கு மீண்டும் நீராகி, ஆவியாக்கிக்குத் திரும்புகின்றது. உறிஞ்சியிலும் ஒடுக்கியிலும் வெளிப்படும் வெப்பத்தைக் குளிர்கோபுரத்திலிருந்து வரும் நீர் எடுத்துச் செல்கின்றது.

ஒற்றை விளைவு இயந்திரத்தில் கொதிகலக் கரைசலின் வெப்பநிலை 100° செ அளவை ஒட்டியிருக்கும். இரட்டை விளைவு இயந்திரத்தில் உயர்வெப்பக் கொதிகலம் ஏறத்தாழ 150° செ வரை செல்லும். ஆகவே, ஒரே இயந்திரத்தில் 5° செ பரப்பும் 150° செ பரப்பும் சில மீட்டர் இடைவெளியில் அமைந்துள்ளன. வெப்பக்காப்புப் பணி எளிதாக இல்லாமைக்கு இதுவே முதற் காரணம்.

வரலாற்றுக் குறிப்பு

ஆவியை உறிஞ்சிக் குளிர் உண்டாக்கலாம் என்பதை, 1810 ஆம் ஆண்டில் சிகாட்லாந்து அறிவியலாளர் சான் லெசுலி கந்தகக் காடியைப் பயன்படுத்தி நீரை உறையவைத்துக் காட்டினார். 1859 ஆம் ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த பெர்டினான்ட் கார்ரே, அம்மோனியாவும் நீரும் கொண்டு இயங்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். லித்தியம் புரோமைடு கரைசலைப் பயன்படுத்தும் பெரிய இயந்திரங்கள் 1940களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. பின்னர் யப்பானில் எரிவளிமத்தால் இயங்கும் இரட்டை விளைவு இயந்திரங்கள் பெருமளவில் பரவின. ஓசோன் படலத்தைக் காக்கும் மொண்ட்ரியால் உடன்பாடு 1987 ஆம் ஆண்டில் கையெழுத்தான பின்னர், நீரைக் குளிர்பதனப் பொருளாகக் கொண்ட இவ்வியந்திரங்கள் மீண்டும் கவனம் பெற்றன.

பணிகளின் ஒழுங்கு

இயந்திரம் ஆலையிலிருந்து வெற்றிட நிலையிலோ, உள்ளே நைதரசன் வளிமம் நிரப்பப்பட்ட நிலையிலோ வந்துசேரும். அது எந்த நிலையில் அனுப்பப்பட்டதோ அந்த அழுத்தம் மாறாமல் உள்ளதா என்பதை முதலில் பார்க்கவேண்டும். அதன்பின் பணிகள் பின்வரும் ஒழுங்கில் நடைபெறுதல் முறையாகும்.

1. அடித்தளத்தின் வலுவையும் மட்டத்தையும் சரிபார்த்தல்.
2. அதிர்வுத் தாங்கிகளை வைத்து இயந்திரத்தை இறக்குதல்.
3. கிடைமட்டம் பார்த்து, எஃகுத் தகட்டுத் துண்டுகளைச் செருகிச் சரிசெய்தல்.
4. பகுதிகளாக வந்த இயந்திரமாயின் அவற்றை இணைத்துப் பற்றவைத்தல்.
5. நைதரசன் அழுத்தத்தாலும் ஈலியம் கசிவுகாணியாலும் கசிவுச் சோதனை செய்து, பின்னர் வெற்றிடம் நிலைக்கின்றதா எனப் பார்த்தல்.
6. குளிர்நீர், குளிர்கோபுர நீர், நீராவிக் குழாய்களை இணைத்து, நீரழுத்தச் சோதனை செய்தல்.
7. பற்றவைத்த இடங்களுக்கும் கீறல்களுக்கும் துருத்தடுப்பு வண்ணம் பூசுதல்.
8. வெப்பக்காப்பு இடுதல்.
9. கரைசல் ஊற்றிய பின்னரும் நீர் நிரப்பிய பின்னரும் கிடைமட்டத்தை மீண்டும் பார்த்தல்.

காலக்கெடு நெருங்கும்போது எட்டாவது பணி ஐந்தாவதற்கு முன்னே தள்ளப்படுவது உண்டு. இதன் விளைவு பெரிது. இவ்வியந்திரத்தில் கசிவு என்பது உள்ளிருப்பது வெளியேறுவது அன்று. வெளிக்காற்று உள்ளே நுழைவது ஆகும். நுழையும் காற்று ஒடுங்காத வளிமமாகத் தங்கி, உறிஞ்சியின் வேலையைக் கெடுத்துக் குளிர்த்திறனைக் குறைக்கின்றது. அக்காற்றிலுள்ள ஒட்சிசன், உப்புக்கரைசலோடு சேர்ந்து எஃகையும் செப்புக் குழாய்களையும் அரிக்கின்றது. ஊசிமுனை அளவுள்ள துளை ரப்பர் தகட்டின் அடியில் மறைந்துவிட்டால், சோதனை வளிமம் தகட்டினூடே வேறிடத்தில் வெளிப்பட்டுத் தேடுபவரைத் திசைதிருப்பும். பின்னர் முழுப் போர்வையையும் கிழித்தெடுக்க நேரிடும்.

குளிர்ந்த பகுதிகளுக்கான வெப்பக்காப்பு

ஆவியாக்கியின் உடற்கலம், குளிர்நீர் நுழைந்து வெளியேறும் நீர்ப்பெட்டிகள், குளிர்பதன நீர்த் தொட்டி, குளிர்பதன நீரை ஏற்றும் குழாய்கள் ஆகியன குளிர்ந்த பகுதிகள் ஆகும். இங்கு வெப்பக்காப்பின் முதல் நோக்கம் ஆற்றலைச் சேமிப்பது அன்று. காற்றிலுள்ள ஈரம் பரப்பின்மேல் நீராகப் படிவதைத் தடுப்பதே முதல் நோக்கம் ஆகும். படியும் நீர் எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும், தரையை வழுக்கலாக்கும், மின்பெட்டிகளில் சொட்டும்.

காற்று எவ்வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்குமோ, அவ்வெப்பநிலை பனிநிலை எனப்படும். காப்பின் வெளிப்பரப்பு எப்பொழுதும் பனிநிலைக்கு மேல் இருக்கவேண்டும். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடற்கரை நகரங்களின் இயந்திர அறைகளுக்குப் பொருந்தும் ஒரு கணக்கை எடுத்துக்காட்டாகக் காணலாம்.

அறைக்காற்று 35° செ, ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காடு எனக் கொள்வோம். இக்காற்றின் பனிநிலை ஏறத்தாழ 30° செ ஆகும். எனவே, காப்பின் வெளிப்பரப்பை 30.5° செ அளவில் வைத்திருக்கவேண்டும் என்க. வெளிப்பரப்பிலிருந்து காற்றுக்கு வெப்பம் மாறும் கெழு, சதுர மீட்டருக்குப் பாகைக்கு 8 வாட்டு எனக் கொண்டால், 4.5 பாகை வேறுபாட்டால் உள்ளே பாயும் வெப்பம் சதுர மீட்டருக்கு 36 வாட்டு ஆகும். நைட்ரைல் ரப்பர் நுரைத் தகட்டின் வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 0.036 வாட்டு/மீட்டர்-பாகை. கலத்தின் பரப்பு 5° செ எனின், தகட்டின் இருபுறமும் உள்ள வேறுபாடு 25.5 பாகை. தேவைப்படும் தடிமன் 0.036 × 25.5 ÷ 36, அதாவது ஏறத்தாழ 25.5 மில்லிமீட்டர் ஆகும்.

இதே அறையில் ஒப்பு ஈரப்பதம் 85 விழுக்காடாக உயர்ந்தால், பனிநிலை 32° செ அளவைத் தாண்டும். வெளிப்பரப்பு 32.5° செ இருக்கவேண்டுமெனில், மேற்கண்டவாறே கணித்தால் தேவைப்படும் தடிமன் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் ஆகின்றது. ஈரப்பதம் 10 விழுக்காடு கூடும்போது தடிமன் இருமடங்காவது குறிப்பிடத்தக்கது. வறண்ட ஊரில் போதுமானதாக இருந்த தடிமனைக் கடற்கரை ஊருக்கு அப்படியே எடுத்துச் செல்லக்கூடாது என்பதை இக்கணக்கு காட்டுகின்றது.

மற்றொரு செய்தி முதற் பார்வையில் முரணாகத் தோன்றும். காப்பின்மேல் பளபளப்பான அலுமினியத் தகட்டை உறையாக இட்டால், அப்பரப்பு சூழலிலிருந்து கதிர்வீச்சு வெப்பத்தைக் குறைவாகவே ஏற்கும். வெப்பமாற்றக் கெழு 8 இலிருந்து 5 அளவுக்குக் குறையலாம். இதனால் உள்ளே பாயும் வெப்பம் குறைந்தபோதிலும், வெளிப்பரப்பு மேலும் குளிர்ந்து பனிநிலையை நெருங்குகின்றது. முதல் எடுத்துக்காட்டில் 25.5 மில்லிமீட்டராக இருந்த தேவை, கெழு 5 ஆனால் ஏறத்தாழ 41 மில்லிமீட்டராக உயரும். எனவே, குளிர்ந்த பகுதிக்கு உலோக உறை இடுவதாயின் அதனையும் கணக்கில் சேர்த்தே தடிமனைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

ஆவித்தடுப்பு

குளிர்ந்த பரப்பை நோக்கி வெப்பம் மட்டுமன்றி நீராவியும் செல்ல முயல்கின்றது. ஒரு சிறு இடைவெளி வழியாக ஈரக்காற்று உள்ளே புகுந்தால், அது எஃகைத் தொட்டு நீராகும். அந்நீர் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கும். நீரின் வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 0.6 ஆகும். இது நைட்ரைல் ரப்பர் நுரையினுடையதைப் போல 16 மடங்குக்கு மேல். ஆகவே, நனைந்த காப்பு விரைவில் காப்பாக இல்லாமற் போகின்றது. மேற்பரப்பு நன்றாகத் தோன்றும்போதே உள்ளே எஃகு துருப்பிடித்துக்கொண்டிருக்கும்.

மூடிய நுண்ணறைகள் கொண்ட நைட்ரைல் ரப்பர் நுரை குளிர்ந்த பகுதிக்கு விரும்பப்படுவதற்கு இதுவே காரணம். அது தானே ஆவியைத் தடுக்கின்றது. கண்ணாடிப் பஞ்சு போன்ற திறந்த இழைப்பொருளைப் பயன்படுத்தினால், அதன்மேல் முழுமையான ஆவித்தடுப்புப் படலம் தேவை. அப்படலத்தில் ஏற்படும் ஒவ்வொரு ஊசித்துளையும் ஈரம் புகும் வாயில் ஆகும்.

தகடுகளை ஒட்டும்போது பின்வருவன கவனிக்கப்படும்.

* பரப்பு எண்ணெய், தூசு, ஈரம் ஆகியன இன்றி இருக்கவேண்டும். இயந்திரம் அறைவெப்பநிலையில் நின்றிருக்கவேண்டும்.
* தகட்டை இழுத்து ஒட்டக்கூடாது. சற்றுக் கூடுதலாக வெட்டி, நெருக்கி ஒட்டவேண்டும். இழுத்து ஒட்டிய தகடு நாளடைவில் சுருங்கி, இணைப்பு வாய்பிளக்கும்.
* ஒரே தடிமனான தகட்டைவிட இரண்டு மெல்லிய அடுக்குகள் சிறந்தவை. மேலடுக்கின் இணைப்பு கீழடுக்கின் இணைப்புக்கு நேராக வாராதவாறு அமைக்கவேண்டும்.
* ஒட்டுப்பசையின் கரைப்பான் எளிதில் தீப்பற்றும். ஒட்டும்போது அறையில் காற்றோட்டம் வேண்டும். அருகில் எரிப்பானை இயக்குதலும் பற்றவைத்தலும் கூடாது.
* பசை நன்கு காயும்வரை, பொதுவாக ஒரு நாளுக்கு மேல், குளிர்நீரை ஓடவிடக்கூடாது.
* கலத்தின் உடலில் ஊசிகளைப் பற்றவைத்துக் காப்பை மாட்டக்கூடாது. ஒட்டும் ஊசிகளையோ பட்டைகளையோ மட்டும் பயன்படுத்தவேண்டும். வெற்றிடக் கலத்தின்மீது இடும் ஒவ்வொரு புதிய பற்றவைப்பும் கசிவுக்கு வாய்ப்பளிக்கும்.

குளிர்ந்த கலத்தோடு இணைந்த தாங்குகால்களும் வெப்பத்தைக் கடத்துவன ஆதலால், அவற்றையும் சிறிது தொலைவுவரை போர்த்துவது வழக்கம். குளிர்நீர்க் குழாயைத் தாங்கும் இடங்களில் மென்மையான நுரை நசுங்கிவிடும். அங்குக் கடின நுரைத் துண்டு அல்லது பதப்படுத்திய மரத்துண்டு வைத்து, ஆவித்தடுப்பு இடைமுறியாமல் அதன்மேல் தொடரவேண்டும்.

சூடான பகுதிகளுக்கான வெப்பக்காப்பு

கொதிகலம், கரைசல் வெப்பப் பரிமாற்றிகள், அவற்றை இணைக்கும் குழாய்கள், நீராவிக் குழாய்கள் ஆகியன சூடான பகுதிகள் ஆகும். நைட்ரைல் ரப்பர் பொதுவாக 105° செ அளவுக்கு மேல் தாங்காது. ஆகையால் இங்குப் பாறைப் பஞ்சு, கண்ணாடிப் பஞ்சு அல்லது கால்சியம் சிலிக்கேட்டுப் பாளங்கள் இடப்பட்டு, மேலே அலுமினியத் தகடோ துத்தநாகம் பூசிய எஃகுத் தகடோ உறையாக அமைக்கப்படும்.

150° செ வெப்பநிலையிலுள்ள, காப்பிடாத, வண்ணம் பூசிய எஃகுப் பரப்பு, 35° செ அறையில் சதுர மீட்டருக்கு 1,500 வாட்டுக்கு மேல் வெப்பத்தை இழக்கும். 50 மில்லிமீட்டர் பாறைப் பஞ்சு இட்டால் இவ்விழப்பு ஏறத்தாழ 100 வாட்டாகக் குறையும். வெளிப்பரப்பு 50° செ அளவில் நிற்கும். தொடுபவரின் தோல் சுடாதிருக்க, வெளிப்பரப்பு 60° செ அளவைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகக் கொள்ளப்படும் எல்லை ஆகும்.

சூடான பகுதியில் காப்புக்கு மூன்றாவது நோக்கமும் உண்டு. கொதிகலத்திலிருந்து வரும் கரைசலின் செறிவு நிறைவில் 60 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். இவ்வளவு செறிவான கரைசல் குளிர்ந்தால், அறைவெப்பநிலையை அடைவதற்கு முன்பே அதில் உப்பு படிகமாகத் தொடங்கலாம். அது வெப்பப் பரிமாற்றியின் ஒடுங்கிய வழிகளை அடைத்துவிடும். மின்சாரம் திடீரெனத் தடைப்பட்டால், கரைசலை நீர்க்கச்செய்யும் வழக்கமான நிறுத்தமுறை நடைபெறாது. அப்போது நன்கு போர்த்திய பரிமாற்றி மெதுவாகவே குளிரும். மின்சாரம் மீளும்வரை கரைசலை நீர்மமாக வைத்திருக்க இது துணைபுரிகின்றது. மின்தடை மிகுந்த ஊர்களில் இப்பகுதியின் காப்பைச் சிக்கனப்படுத்துவது அறிவுடைமை ஆகாது.

போர்த்தக் கூடாத பகுதிகள்

உறிஞ்சி, ஒடுக்கி ஆகியவற்றின் வெளிப்பரப்பு சூழலின் வெப்பநிலையை ஒட்டியே இருப்பதால், அவற்றுக்குப் பொதுவாகக் காப்பு தேவையில்லை. இவை தவிர, கீழ்க்காண்பவற்றை மூடக்கூடாது.

* நீர்மமட்டம் காட்டும் பார்வைக் கண்ணாடிகள்.
* கரைசலையும் குளிர்பதன நீரையும் ஏற்றும் எக்கிகளின் மின்னோடிப் பகுதி. இவ்வகை மூடிய எக்கிகள் வெப்பத்தை வெளிவிடவேண்டியவை.
* ஒடுங்காத வளிமங்களை வெளியேற்றும் அமைப்பு. அரிப்பினால் உண்டாகும் ஐதரசனை வெளியேற்றும் சூடாக்கிய பல்லேடியக் கலமும் இதில் அடங்கும்.
* மிகையழுத்தத்தில் கிழியும் பாதுகாப்புத் தகடும் அதன் வெளிவாயும்.
* அடைப்பிதழ்களின் கைப்பிடிகள், வெப்பநிலை உணரிகள், இயந்திரத்தின் விவரப்பலகை.

நீர்ப்பெட்டிகளின் மூடிகள் குழாய்களைத் தூய்மைப்படுத்த ஆண்டுதோறும் கழற்றப்படுபவை. அவற்றின் காப்பைத் தனியே கழற்றி மாட்டத்தக்க பெட்டியாக அமைப்பது நல்லது. இல்லையெனில், முதலாண்டுப் பராமரிப்பிலேயே காப்பு வெட்டப்பட்டு, ஆவித்தடுப்பு நிரந்தரமாகக் கெடும்.

அதிர்வின் மூலங்கள்

அமுக்கிவகைக் குளிர்விப்பானில் நூற்றுக்கணக்கான கிலோவாட்டுத் திறனுள்ள அமுக்கி சுழல்கின்றது. உறிஞ்சுமுறை இயந்திரத்தில் சுழல்வன, சில கிலோவாட்டுத் திறனுள்ள கரைசல் எக்கியும் குளிர்பதன நீர் எக்கியும், அவ்வப்போது இயங்கும் வெற்றிட எக்கியும் மட்டுமே. நேரடியாக எரிவளிமத்தால் சூடாக்கும் வகையில் எரிப்பானின் காற்றூதியும் சேரும். ஆகவே, இயந்திரம் தானே உண்டாக்கும் அதிர்வு சிறிது.

இயந்திர அறையில் உணரப்படும் அதிர்வின் பெரும்பகுதி, குளிர்நீரையும் குளிர்கோபுர நீரையும் ஓட்டும் பெரிய எக்கிகளிலிருந்தும், கூரையிலுள்ள குளிர்கோபுர விசிறிகளிலிருந்தும் வருவதாகும். அது குழாய்களின் வழியாக இயந்திரத்தையும் வந்தடைகின்றது. தொடர்ந்த அதிர்வு, சிறு குழாய்களின் பற்றவைப்பிலும் திருகிணைப்பிலும் களைப்பு வெடிப்பை உண்டாக்கினால், காற்று உள்ளே நுழையும். எனவே, இங்கு அதிர்வுக்காப்பு என்பது கட்டடத்தை இயந்திரத்திடமிருந்து காப்பது மட்டுமன்று. இயந்திரத்தின் வெற்றிடத்தைச் சூழலிடமிருந்து காப்பதும் ஆகும்.

அதிர்வுத் தாங்கிகளின் கணக்கு

ஒரு தாங்கி, தன்மேல் வைத்த எடையால் எவ்வளவு அமிழ்கின்றதோ, அவ்வமிழ்விலிருந்து அதன் இயல் அதிர்வெண்ணைக் கணிக்கலாம். அமிழ்வை மில்லிமீட்டரில் கொண்டு, அதன் வர்க்கமூலத்தால் 15.8 ஐ வகுத்தால், இயல் அதிர்வெண் ஹெர்ட்சு அலகில் கிடைக்கும். இயந்திரத்தின் அதிர்வெண், இயல் அதிர்வெண்ணின் 1.41 மடங்குக்கு மேல் இருந்தால்தான் தாங்கி அதிர்வைக் குறைக்கும். இரண்டும் சமமானால் ஒத்ததிர்வு ஏற்பட்டு அதிர்வு பெருகும்.

நிமிடத்துக்கு 2,900 சுற்றுகள் சுழலும் எக்கியின் அதிர்வெண் ஏறத்தாழ 48 ஹெர்ட்சு ஆகும். தணிப்பு இல்லை எனக் கொண்டால், வெவ்வேறு தாங்கிகள் கீழே கடத்தும் பங்கு பின்வருமாறு அமையும்.

* 1 மில்லிமீட்டர் அமிழும் ரப்பர்த் தகடு: இயல் அதிர்வெண் 15.8 ஹெர்ட்சு, கடத்தும் பங்கு ஏறத்தாழ 12 விழுக்காடு.
* 3 மில்லிமீட்டர் அமிழும் ரப்பர்த் தாங்கி: 9.1 ஹெர்ட்சு, ஏறத்தாழ 4 விழுக்காடு.
* 25 மில்லிமீட்டர் அமிழும் சுருள்வில்: 3.2 ஹெர்ட்சு; ஒரு விழுக்காட்டிலும் குறைவு.

எண்களை மட்டும் நோக்கினால் சுருள்வில்லே சிறந்ததாகத் தோன்றும். ஆனால் மூலத்திலேயே அதிர்வு சிறிதாக இருக்கும்போது, அதில் எட்டில் ஏழு பங்கைத் தடுக்கும் எளிய ரப்பர்த் தகடே தரைத்தளத்தில் பெரும்பாலும் போதுமானது. 1,450 சுற்று எக்கியாயின் நிலை வேறு. அதன் அதிர்வெண் 24 ஹெர்ட்சு மட்டுமே என்பதால், 1 மில்லிமீட்டர் அமிழும் தகடு ஏறத்தாழ முக்கால் பங்கைக் கடத்திவிடும். ஆகவே, தாங்கியைத் தேர்வதற்கு முன் எக்கியின் சுற்றுவேகத்தை அறிதல் இன்றியமையாதது.

கிடைமட்டமும் மென்மையான தாங்கியும்

ஆவியாக்கியிலும் உறிஞ்சியிலும் நீர்மங்கள் கிடைக் குழாய்களின்மேல் சீராக வழியவேண்டும். இயந்திரம் சாய்ந்திருந்தால் தட்டின் ஒரு முனையில் நீர்மம் தேங்கும். மறுமுனையில் குழாய்கள் வறண்டிருக்கும். குளிர்த்திறன் குறைவதோடு, எக்கிக்கு நீர்மம் எட்டாமல் அது பழுதடையவும் கூடும். இதனாலேயே உற்பத்தியாளர்கள் பொதுவாக, ஒரு மீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் அளவை ஒட்டிய எல்லைக்குள் கிடைமட்டம் இருக்கவேண்டும் என்கின்றனர். உரிய எல்லையை அந்தந்த இயந்திரத்தின் கையேட்டில் காணலாம். ரசமட்டத்தாலும் நீர்க்குழாய் மட்டத்தாலும், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் இது அளக்கப்படும்.

சுருள்வில்லின் சிக்கல் இங்குதான் எழுகின்றது. 5 மீட்டர் நீளமுள்ள இயந்திரம் 25 மில்லிமீட்டர் அமிழும் சுருள்விற்களின்மேல் நிற்பதாகக் கொள்வோம். ஒரு முனையின் எடை கணித்ததைவிட 10 விழுக்காடு கூடினால், அம்முனை 2.5 மில்லிமீட்டர் தாழும். இது மீட்டருக்கு 0.5 மில்லிமீட்டர் சாய்வு, அதாவது அனுமதித்த எல்லையில் பாதி. 3 மில்லிமீட்டர் அமிழும் ரப்பர்த் தாங்கியில் இதே எடை வேறுபாடு 0.3 மில்லிமீட்டர் தாழ்வை மட்டுமே உண்டாக்கும்.

மேலும், இயங்கும் எடையில் நீரும் கரைசலும் கணிசமான பங்கு வகிக்கின்றன. அவை 20 விழுக்காடு எனின், வடிக்கும்போது சுருள்விற்கள் இயந்திரத்தை 5 மில்லிமீட்டர் மேலே தூக்கும். இணைந்துள்ள குழாய்கள் இதனால் வளைந்து இறுகும். மேல்மாடியிலோ, அறுவை அரங்கு, ஒலிப்பதிவுக்கூடம் போன்றவற்றுக்கு மேலேயோ நிறுவும்போது சுருள்வில் தவிர்க்கமுடியாததாகலாம். அப்போது எழும்புதலைத் தடுக்கும் எல்லைத்திருகு உடைய வகையைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு தாங்கியின்மேலும் விழும் எடையைத் தனித்தனியே கணித்து, முழுவதும் நிரப்பிய பின் மட்டத்தைத் திருத்தவேண்டும். மாடித்தளம் தன் சுமையால் தானே வளையக்கூடியது. சுருள்வில்லின் அமிழ்வு தளத்தின் வளைவைவிடப் பலமடங்கு பெரிதாக இல்லாவிடில், எதிர்பார்த்த பயன் கிட்டாது.

குழாய் இணைப்புகள்

இயந்திரத்தைத் தாங்கிமேல் வைத்துவிட்டுக் குழாய்களை விறைப்பாக இணைத்தால் அதிர்வுக்காப்பு பயனற்றுப்போகும். எக்கிகளின் இருபுறமும், இயந்திரத்தின் நீர்வாய்களிலும் நெகிழ்இணைப்புகள் பொருத்தப்படுகின்றன. அருகிலுள்ள முதற்சில குழாய்த் தொங்கிகளும் சுருள்வில் அல்லது ரப்பர் உடையனவாக இருத்தல் நலம். குழாயின் எடை இயந்திரத்தின் நீர்வாயில் தொங்கக்கூடாது.

ரப்பர்த் துருத்தி இணைப்பில் மறைந்துள்ள இடர் ஒன்று உண்டு. உள்ளழுத்தம் துருத்தியை நீட்ட முயலும். 250 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 600 கிலோபாசுக்கல் அழுத்தம் இருந்தால், இவ்விசை ஏறத்தாழ 29 கிலோநியூட்டன், அதாவது 3 டன் எடைக்குச் சமம் ஆகும். குழாய் நங்கூரமும் கட்டுப்பாட்டுத் தண்டுகளும் இல்லையெனில், இவ்விசை இயந்திரத்தைத் தாங்கிகளின்மேல் பக்கவாட்டில் தள்ளிவிடும். நிலநடுக்க வாய்ப்புள்ள யப்பான் போன்ற நாடுகளில், தாங்கிகளோடு பக்கவாட்டு அசைவைத் தடுக்கும் நிறுத்திகளும் சேர்த்து அமைக்கப்படுகின்றன. இயல்பான இயக்கத்தில் இந்நிறுத்திகள் இயந்திரத்தைத் தொடாமல் சிறு இடைவெளி விட்டிருக்கவேண்டும். தொட்டால் அவையே அதிர்வைக் கடத்தும்.

சரிபார்த்தல்

இயந்திரம் முழுச் சுமையில் சில நாட்கள் இயங்கிய பின்னர், ஈரப்பதம் மிகுந்த விடியற்காலையில் குளிர்ந்த பகுதிகளைப் பார்வையிடுவது சிறந்தது. இணைப்புகளிலும் தாங்கிகளின் அருகிலும் வியர்வை போல நீர் அரும்பினால், அவ்விடத்தில் ஆவித்தடுப்பு முறிந்துள்ளது அல்லது தடிமன் போதவில்லை எனக் கொள்ளலாம். சூடான பகுதியில் பரப்பு வெப்பமானியால் உறையை அளந்து பார்க்கலாம். கிடைமட்டத்தை மீண்டும் ஒருமுறை அளந்து, முதல் அளவீட்டோடு ஒப்பிடவேண்டும். வெற்றிட எக்கியை இயக்கவேண்டிய இடைவெளி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால், எங்கோ காற்று நுழைகின்றது என்பது பொருள். அந்நிலையில் கசிவைத் தேடுவோர்க்கு, எவ்விடத்தில் பற்றவைப்பு உள்ளது, எப்பகுதிக் காப்பு எளிதில் கழலும் என்று நிறுவியோர் வரைந்து வைத்த படமே பெருந்துணையாக அமையும்.